13 தகடு ஹைட்ரஜன் செல்: பப்ளருக்குள் நுரை, நிறுத்தியதும் தண்ணீர் பின்னோட்டம். பிளம்பிங்கில் எங்கே தப்பு?

புதுத்தகடு எழுதியது:

வணக்கம். 13 தகட்டு டிரை செல் (தகடுகளின் இடைவெளியில் மட்டும் கரைசல் நிற்க, மின்சாரத்தால் தண்ணீரை ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரிக்கும் செல்) ஒன்று கட்டி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சின்ன வெள்ளி வேலைக்கும் மெல்லிய தாமிரக் கம்பி பற்றவைக்கவும் ஊசிமுனைச் சுடர் வேண்டும், அதுதான் நோக்கம். இதுவரை சுடர் ஏற்றவில்லை. வாயுவை மொட்டைமாடியில் திறந்த வெளியில்தான் விடுகிறேன்.

இப்போது இருக்கும் அமைப்பு இது. எஸ்.எஸ். 316 எல், 1 மி.மீ. தகடு, 14 × 14 செ.மீ. கேஸ்கட் உள்வாய் 10 × 10 செ.மீ., 3 மி.மீ. தடிமன், கடையில் கிடைத்த கறுப்பு ரப்பர் ஷீட்டில் வெட்டியது. மின் இணைப்பு: 1ஆவது தகடு மைனஸ், 7ஆவது பிளஸ், 13ஆவது மைனஸ், இடையில் ஐந்தைந்து நியூட்ரல் (மின் இணைப்பு இல்லாத தகடு). ஒவ்வொரு தகட்டிலும் மேலே ஒன்று, கீழே ஒன்று 8 மி.மீ. துளை. இரண்டுமே கேஸ்கட் உள்வாயின் இடது ஓரத்திலிருந்து 2 செ.மீ. தள்ளி, எல்லாம் ஒரே நேர்கோட்டில். முன்பக்கம், பின்பக்கம் 12 மி.மீ. அக்ரிலிக். முன்பக்க அக்ரிலிக்கில் மட்டும் கீழே ஒரு உள்வழி, மேலே ஒரு வெளிவழி. நியூமேட்டிக் கடையில் வாங்கிய 8 மி.மீ. புஷ் ஃபிட்டிங், நீல நிற பி.யூ. (பாலியூரித்தேன்) டியூப்.

4 லிட்டர் ஹெச்.டி.பி.ஈ. பிளாஸ்டிக் கேன்தான் டேங்க். செல்லுக்குப் பக்கத்தில் அதே மேசையில் இருக்கிறது. 3 லிட்டர் பேட்டரி வாட்டரில் 400 கிராம் காஸ்டிக் பொட்டாஷ் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம்) செதில். சப்ளை 12 வோல்ட் 30 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ்., திருகி 12.5 வோல்ட் வைத்திருக்கிறேன். பப்ளர் (சுடர் பின்னேறாமல் இருக்க வாயுவைத் தண்ணீர் வழியே குமிழியாக விடும் பாத்திரம்) 1 லிட்டர் சோடா பாட்டில், உள்ளே 10 செ.மீ. தண்ணீர்.

சிக்கல்கள்:

பத்து நிமிடத்தில் நுரை கேஸ் லைனில் ஏறி பப்ளருக்குள் போய்விடுகிறது.

40 நிமிடத்தில் செல் 32 டிகிரியிலிருந்து 65க்குப் போகிறது, ஆனால் டேங்க் 38தான். கரண்ட் 14 ஆம்பியரில் தொடங்கி 22 வரை ஏறுகிறது.

16 ஆம்பியரில் நிற்கும்போது பாட்டிலைக் கவிழ்த்து அளந்ததில் நிமிடத்துக்கு 850 மி.லி. தான். இன்னும் அதிகம் வரவேண்டாமா?

நிறுத்தி அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் பப்ளர் தண்ணீர் டேங்குக்குள் இருக்கிறது.

---

காரநீர் எழுதியது:

அளவெல்லாம் தெளிவாகக் கொடுத்திருக்கிறீர்கள், நோய் எங்கே என்று பிடிப்பது எளிதாகிவிட்டது. முதல் இரண்டு சிக்கலுக்கும் வேர் ஒன்றே: உங்கள் செல்லுக்கும் டேங்குக்கும் இடையே கரைசல் சுற்றவே இல்லை. செல் 65, டேங்க் 38 என்பதே சாட்சி. சுற்றியிருந்தால் இரண்டுக்கும் ஐந்தாறு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்காது.

கணக்கைப் பாருங்கள். 12.5 வோல்ட்டை 6 இடைவெளிக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 2.08 வோல்ட். அதில் 1.48 வோல்ட் தண்ணீரைப் பிரிக்கப் போகும், மீதி 0.6 வோல்ட் வெப்பம். 16 ஆம்பியர் 7ஆவது தகட்டின் இரு பக்கமும் உள்ள இரண்டு அடுக்குக்கும் பாதிப்பாதியாகப் பிரிவதால் ஒரு அடுக்குக்கு 8 ஆம்பியர், மொத்தம் 12 இடைவெளி: 0.6 × 8 × 12, சுமார் 58 வாட். இந்த 58 வாட் 3 லிட்டர் கரைசல் முழுவதற்கும் பரவினால் முதல் ஒரு மணி நேரத்தில் 15 முதல் 18 டிகிரிதான் ஏறும். செல்லுக்குள் இருப்பதோ வெறும் 360 மி.லி. அது அங்கேயே சிறைப்பட்டால் தகட்டையும் சேர்த்து நிமிடத்துக்கு ஒரு டிகிரிக்கு மேல் ஏறும். உங்கள் 40 நிமிடம், 33 டிகிரி கணக்கு அதனுடன் ஒத்துப்போகிறது.

இந்தச் செல்லில் பம்ப் கிடையாது. மேலே எழும் குமிழிதான் பம்ப். கிணற்றில் காற்றுக் குழாய் இறக்கித் தண்ணீர் ஏற்றும் கம்ப்ரசர் முறை மாதிரியேதான்: ரிட்டர்ன் ஹோஸில் குமிழி கலந்த லேசான கரைசல் மேலே போகும், ஃபீட் ஹோஸில் கனமான தெளிந்த கரைசல் கீழே வரும். இது ஓட மூன்று விஷயம் வேண்டும்.

ஒன்று, உயரம். டேங்கின் அடிப்பாகம் செல்லின் மேல்விளிம்புக்கு மேல் 15 முதல் 30 செ.மீ. இருக்கட்டும். ஒரே மேசையில் வைத்தால் செல்லின் மேல்பகுதி வாயுவால் நிரம்பி, தகட்டின் மேல்கால்வாசி காய்ந்துபோகும். ஈரமாக இருக்கும் பரப்பில் கரண்ட் அடர்த்தி கூடும், அங்கேயே கொதிக்கும்.

இரண்டு, குறுக்களவு. 8 மி.மீ. பி.யூ. டியூப் என்பது வெளி அளவு. உள்ளே 5 மி.மீ. தான் இருக்கும், புஷ் ஃபிட்டிங் தொண்டை அதைவிடக் குறுகல். அதில் குமிழியும் கரைசலும் பக்கத்தில் பக்கத்தில் போக இடமில்லை. ஒரு முழு வாயுக் கட்டி, ஒரு முழுக் கரைசல் கட்டி என்று மாறி மாறித் துப்பும். அந்தத் துப்பலில்தான் நுரை அடிக்கிறது. ரிட்டர்னுக்கு 12 மி.மீ. உள்ளளவு, ஃபீடுக்கு 10 அல்லது 12 வையுங்கள்.

மூன்று, சரிவு. ரிட்டர்ன் ஹோஸ் செல்லிலிருந்து டேங்க் வரை ஏறிக்கொண்டே போகவேண்டும். நடுவில் ஊஞ்சல் மாதிரி தொங்கினால் அந்தப் பள்ளத்தில் கரைசல் தேங்கி அடைக்கும், பின்னால் வாயு சேர்ந்து ஒரே மூச்சில் தள்ளும். ஃபீட் ஹோஸில் இதற்கு நேர்மாறு: மேட்டு வளைவு இருந்தால் அங்கே காற்று மாட்டிக்கொள்ளும், சொட்டுக்கூட இறங்காது.

ரிட்டர்ன் டேங்குக்குள் நுழையும் இடம் கரைசல் மட்டத்துக்கு 2 செ.மீ. மேலே, பக்கச்சுவரில் இருக்கட்டும். மட்டத்துக்குக் கீழே விட்டாலும் ஓடும், ஆனால் மொத்த வாயுவும் கரைசலைக் கடைந்துகொண்டு மேலே வரும். கேஸ் வெளிவழி டேங்கின் எதிர்மூலையில். அதன்மேல் 1 அங்குல யு.பி.வி.சி. பைப் ஒரு அடி நிமிர்த்தி நிறுத்தி, அதன் தலையிலிருந்து கேஸ் ஹோஸை எடுங்கள். ஏறும் நுரை அந்த அகலக் குழாய்க்குள் உடைந்து திரும்ப டேங்குக்குள்ளேயே விழும்.

பின்பக்கத் தட்டிலும் மேலே ஒரு வெளிவழி போடுங்கள். 12 இடைவெளி வாயுவும் ஒரே பக்கம் வர வேண்டுமானால் கடைசி இடைவெளியின் வாயு 12 துளை தாண்ட வேண்டும். இரண்டு பக்க வெளிவழியையும் தனித்தனி ஹோஸாக டேங்க் வரை கொண்டுபோவதே நல்லது. டீ போட்டு இணைத்தால் ஒன்று மற்றதைத் தள்ளும்.

நுரைக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. புது ரப்பர் ஷீட்டின் மேல் இருக்கும் எண்ணெய்ப் பசை காரத்துடன் சேர்ந்தால் சோப்புதான். கேஸ்கட்டைக் கழற்றும்போது சுடுதண்ணீரில் தேய்த்துக் கழுவி, பொட்டாஷ் கரைசலில் ஒரு இரவு ஊறப்போட்டு, அந்தக் கரைசலைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். தகட்டையும் கையுறை போட்டே தொடுங்கள், விரல் எண்ணெயும் அதே வேலையைச் செய்யும்.

---

ஓம்விதி எழுதியது:

850 மி.லி. பற்றி நான் சொல்கிறேன்.

ஒரு இடைவெளி வழியே 1 ஆம்பியர் ஒரு நிமிடம் ஓடினால், 30 டிகிரியில் இரண்டு வாயுவும் சேர்ந்து 11.6 மி.லி. வரும். ஃபாரடே விதி, இதில் பேரம் பேச இடமில்லை. 12 இடைவெளி × 8 ஆம்பியர் × 11.6 = 1,114 மி.லி. உங்களுக்கு 260 குறைகிறது. (யாராவது இந்த எண்ணைவிட அதிகம் வருவதாகச் சொன்னால் அவர் நீராவியையும் சேர்த்து அளக்கிறார். 60 டிகிரியில் வரும் வாயுவில் ஐந்தில் ஒரு பங்கு நீராவிதான். பப்ளரில் குளிர்ந்தபின் அளப்பதே கணக்கு.)

குறைவுக்குக் காரணம், நேர்கோட்டில் இருக்கும் துளைகள். பிளஸ் தகட்டிலிருந்து மைனஸ் தகடு வரை துளை வழியே ஒரு நேரான கரைசல் சுரங்கம் இருக்கிறது. மின்னோட்டம் நியூட்ரல்களை ஒதுக்கிவிட்டு அதன் வழியே போகிறது. 8 மி.மீ. துளையின் பரப்பு 0.5 சதுர செ.மீ., சுரங்கத்தின் நீளம் சுமார் 2.3 செ.மீ. 10 சதவீதப் பொட்டாஷின் கடத்துதிறன் 0.4 சீமென்ஸ்/செ.மீ. என்று வைத்தால் தடை 11, 12 ஓம். இந்த வழியில் ஒரே ஒரு முறைதான் தண்ணீர் பிரிகிறது. அதற்கு 2 வோல்ட் போக மீதி 10 வோல்ட் இந்தத் தடை மேல் விழும். அதாவது துளைக்கு 0.9 ஆம்பியர். இரண்டு துளை, இரண்டு அடுக்கு, மொத்தம் 3.5 ஆம்பியர். இது கிட்டத்தட்ட வாயுவே தராமல் வெப்பம் மட்டும் தரும் கரண்ட். சுடச்சுடக் கடத்துதிறன் கூடும், கசிவும் கூடும். உங்கள் 22 ஆம்பியரில் இதன் பங்கும் இருக்கிறது.

புதுத் தகடு வெட்ட வேண்டாம். உங்கள் துளைகள் நடுவில் இல்லாமல் இடது ஓரத்தில் இருப்பது நல்லதாகப் போயிற்று. 2, 4, 6, 8, 10, 12 ஆகிய ஆறு தகட்டையும் முன்பின்னாகத் திருப்பிப் போடுங்கள். இவை எல்லாமே நியூட்ரல், மின் இணைப்பு வால் கிடையாது. அவற்றின் துளைகள் வலப்பக்கம் போய்விடும். இனி ஒரு துளையிலிருந்து அடுத்ததற்குப் போக 3 மி.மீ. சந்துக்குள் 6 செ.மீ. குறுக்கே நடக்க வேண்டும். கசிவு கணக்கில் எடுக்க வேண்டாத அளவுக்கு இறங்கிவிடும். அடுத்தமுறை தகடு வெட்டினால் கீழே 4 மி.மீ., மேலே 6 மி.மீ. போதும்.

திருப்பிப் போட்டதும் மல்டிமீட்டரால் பக்கத்துப் பக்கத்துத் தகடுகளின் விளிம்பைத் தொட்டு 12 இடைவெளியையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எல்லாம் 2.0 முதல் 2.2 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. ஒன்று மட்டும் 1.5க்குக் கீழே காட்டினால் அங்கே தகடு தொட்டுக்கொண்டிருக்கிறது அல்லது கேஸ்கட் வழுக்கியிருக்கிறது. ஒன்று மட்டும் 2.5 காட்டினால் அந்த இடைவெளியில் கரைசல் இல்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். 3.5 ஆம்பியர் கசிவைக் கழித்தாலும் 900 மி.லி. வந்திருக்க வேண்டும். மிச்சம் 50 மி.லி. எங்கோ மூட்டு வழியே வெளியே போகிறது என்பது என் கணிப்பு. அது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சரியான விகிதத்தில் கலந்த வாயு. அலட்சியமாக விடவே கூடாது.

கரண்ட் அளவையும் சொல்லிவிடுகிறேன். 100 சதுர செ.மீ. தகட்டுக்கு 8 ஆம்பியர் மேல்வரம்பு. சப்ளையில் கரண்ட் கட்டுப்பாடு இல்லாவிட்டால் சூடு ஏற ஏற ஆம்பியர் ஏறும், அதனால் சூடு இன்னும் ஏறும். நிலைக் கரண்ட் வைக்கும் வசதியுள்ள சப்ளை அல்லது 30 ஆம்பியர் பி.டபிள்யூ.எம். (மின்சாரத்தை வேகமாக விட்டுவிட்டுக் கொடுத்துக் கரண்டைக் கட்டுப்படுத்தும் கருவி) ஒன்று அவசியம். கூடவே 20 ஆம்பியர் ஃபியூஸ்.

---

பட்டறைக்கை எழுதியது:

பொருள்கள் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. இந்த அமைப்பில் எனக்குப் பயம் தருவது அதுதான்.

புஷ் ஃபிட்டிங் பளபளவென்று இருந்தாலும் உள்ளே பித்தளை. நிக்கல் பூச்சு கீறியதும் காரம் அதிலிருக்கும் துத்தநாகத்தைத் தின்னும். கரைசல் படும் எந்த இடத்திலும் பித்தளை, ஜி.ஐ., அலுமினியம் மூன்றும் கூடாது. அலுமினியம் காஸ்டிக்கில் பட்டால் தானே ஹைட்ரஜனைக் கக்கிக்கொண்டு கரைந்து ஓட்டை விழும். பாலிபுரோப்பிலீன் அல்லது எஸ்.எஸ். 316 ஹோஸ் நிப்பிள் வாங்குங்கள், அரை அங்குலத் திரெட். தட்டில் 19 மி.மீ. துளை போட்டு அரை அங்குல டேப் ஓட்டினால் சரியாக அமரும். திரெட்டுக்கு டெஃப்லான் டேப் மட்டும். கிரீஸ், பெயின்ட், சணல் எதுவும் வேண்டாம்.

பி.யூ. டியூப் சூடான காரத்தில் நாளடைவில் பிசுபிசுத்து வெடிக்கும். நூல் பின்னிய பி.வி.சி. ஹோஸ் 50 டிகிரிக்குள் நன்றாக நிற்கும், உள்ளே ஓடுவதும் கண்ணுக்குத் தெரியும். எஸ்.எஸ். ஹோஸ் கிளிப் போட்டு இறுக்குங்கள்.

சோடா பாட்டில் பெட் பிளாஸ்டிக். காரம் அதை அரிக்கும். கரைசல் நுரை பப்ளருக்குள் போனது என்கிறீர்கள், ஆகவே அந்தப் பாட்டிலை இன்றே தூக்கிப் போடுங்கள். கண்ணாடிப் பாட்டிலும் கூடாது. அது வெடித்தால் சில்லுதான் வரும். பாலிகார்பனேட்டும் காரத்துக்கு ஆகாது.

அக்ரிலிக் 12 மி.மீ. மெல்லியது. போல்ட் துளையைச் சுற்றி முடி மாதிரி வெள்ளைக்கோடு தெரிகிறதா பாருங்கள், தெரிந்தால் உடையப்போகிறது. 20 மி.மீ. ஹெச்.டி.பி.ஈ. தட்டு, அதன் வெளியே குறுக்கே இரண்டு எஸ்.எஸ். பட்டை, எம்8 திரெட் ராடு எட்டு. எதிரெதிர் நட்டாகச் சுற்றிச் சுற்றி இறுக்குங்கள், ஒரு பக்கமாக இறுக்கினால் கேஸ்கட் பிதுங்கும். ஹெச்.டி.பி.ஈ. மெல்ல அமுங்கிக் கொடுக்கும், அடுத்த நாள் மறுபடி ஒரு சுற்று இறுக்க வேண்டும்.

கேஸ்கட்டுக்கு ஈ.பி.டி.எம். ரப்பர் என்று கேட்டு வாங்குங்கள். நைட்ரைல் கொஞ்ச காலம் தாங்கும். விட்டான் விலை அதிகம் என்பதால் எல்லாவற்றுக்கும் உயர்ந்தது என்று நினைப்பார்கள், ஆனால் அடர்காரம் அதைக் கெடுக்கும். சிலிக்கோனும் சூடான பொட்டாஷில் இளகும்.

மூட்டுக் கசிவு பார்க்க மேஸ்திரிகள் வைத்திருக்கும் மட்டக்குழாய் போதும். செல்லில் பொட்டாஷ் இல்லாமல் வெறும் தண்ணீர் ஊற்றி, மின்சாரம் கொடுக்காமல், கேஸ் முனையில் மட்டக்குழாயை யு வடிவில் மாட்டுங்கள். வாயால் ஊதி, இரு மட்டத்துக்கும் 1 மீட்டர் வித்தியாசம் வரும்வரை ஏற்றி அடையுங்கள். அது 0.1 பார். அரை மணி நேரத்தில் 2 செ.மீ.க்கு மேல் இறங்கினால் கசிவு இருக்கிறது. சோப்பு நுரையைப் பிரஷ்ஷால் ஒவ்வொரு மூட்டிலும் தடவிக் கண்டுபிடியுங்கள். முடிந்ததும் சோப்பைத் துடைத்துவிடுங்கள், துளிகூட உள்ளே போகக்கூடாது.

---

புதுத்தகடு எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. தகட்டைத் திருப்பிப் போடும் யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. பொருள் பட்டியல் எடுத்துவிட்டேன். பப்ளரும் பின்னோட்டமும் மட்டும் இன்னும் கொஞ்சம் விளக்குங்களேன். நான்-ரிட்டர்ன் வால்வு எந்தப் பக்கம் போடுவது? வெல்டிங் கடையில் கிடைக்கும் ஃப்ளாஷ்பேக் அரெஸ்டர் (சுடர் குழாய்க்குள் பின்னேறாமல் தடுக்கும் கருவி) ஒன்று போட்டால் பப்ளர் இல்லாமல் ஓட்டலாமா?

---

காரநீர் எழுதியது:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: கூடாது. வெல்டிங் கடை அரெஸ்டர் அசிட்டிலீனுக்கோ எல்.பி.ஜி.க்கோ, ஆக்சிஜன் தனிக்குழாயில் வரும் ஏற்பாட்டுக்குச் சோதித்தது. நம் குழாயில் எரிபொருளும் ஆக்சிஜனும் ஏற்கெனவே கலந்தே வருகின்றன. சுடர் பின்னேறினால் வெளிக்காற்றே வேண்டாம், டேங்க் வரை எரிந்துகொண்டே போகும். சாதாரண எரிதலில் சுடரின் வேகம் நொடிக்கு 10 மீட்டர் அளவு. குழாய்க்குள் அது வெடியலையாக மாறினால் நொடிக்கு 2,800 மீட்டர். ஸ்பிரிங் வால்வு எதுவும் அந்த வேகத்துக்கு மூடாது. நம்பக்கூடிய தடுப்பு தண்ணீர் மட்டும்தான். ஸ்டீல் கம்பளி அடைத்த குழாய் கூடுதல் காவல், அவ்வளவே.

பின்னோட்டம் ஏன் என்றால்: உங்கள் டேங்கில் கரைசலுக்கு மேலே 1.4 லிட்டர் காலியிடம் இருக்கிறது. 45 டிகிரியில் நிறுத்தி 30க்குக் குளிர்ந்தால் வாயு சுருங்குவதில் 5 சதவீதம், நீராவி தண்ணீராவதில் இன்னொரு 5 சதவீதம். 140 மி.லி. இழுப்பு. அதில் கொஞ்சம் தண்ணீரைத் தூக்கச் செலவானாலும் 100 மி.லி. தண்ணீர் டேங்குக்குப் போகும். ஆபத்து என்னவென்றால் அடுத்தமுறை போடும்போது பப்ளரில் தண்ணீர் குறைந்திருக்கும், கவனிக்காமல் சுடர் ஏற்றினால் தடுப்பே இல்லை.

ஆகவே வரிசை இப்படி: டேங்க், ஒரு அடி நிமிர்ந்த குழாய், நான்-ரிட்டர்ன் வால்வு, முதல் பப்ளர், இரண்டாவது பப்ளர், ஊசி (சுடர் எரியும் முனை). வால்வின் அம்பு பப்ளரைப் பார்க்க வேண்டும். மீன்தொட்டி வால்வு போதும், நிமிர்த்தி வையுங்கள், கார ஈரத்தில் அதன் ஜவ்வு கெடும் என்பதால் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றுங்கள். நடுவில் காலி பாட்டில் ஒன்று வைத்துப் பின்னோட்டத் தண்ணீரைப் பிடிக்கலாம் என்று சிலர் செய்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அது வெடிவாயு நிரம்பிய இன்னொரு பாத்திரம்.

காலியிடம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. 1 லிட்டர் கலவையில் 6.5 கிலோஜூல் இருக்கிறது. மூடிய பாத்திரத்தில் பற்றினால் அழுத்தம் 9, 10 மடங்காகும், வெடியலையானால் அதன் இரட்டிப்பு. டேங்கில் காலியிடத்தை அரை லிட்டருக்குள் கொண்டுவாருங்கள். சேமித்து வைக்கும் பேச்சே வேண்டாம்: பலூன், டியூப், சிலிண்டர் எதுவும். வரும்போதே எரிக்க வேண்டும்.

பப்ளருக்கு 2 லிட்டர் அகலவாய் ஹெச்.டி.பி.ஈ. பாட்டில். தண்ணீர் 20 செ.மீ. உயரம், மேலே 3 செ.மீ.க்கு மேல் காலி வேண்டாம். திருகு மூடியை எடுத்துவிட்டு ரப்பர் கார்க்கைக் கையால் அழுத்திப் பொருத்துங்கள், கட்டைவிரலால் தள்ளினால் கழலும் அளவுக்கு. பற்றினால் கார்க் மேலே பறக்கும், பாட்டில் பிழைக்கும். அதனால் அதற்கு நேர்மேலே முகமோ விளக்கோ இருக்கக் கூடாது. உள்ளே இறங்கும் குழாயின் முனையை அடைத்து, பக்கவாட்டில் 1 மி.மீ. துளை இருபது போடுங்கள். திறந்த முனையிலிருந்து வாயு தடித்த தொடராக வந்தால் குமிழிகள் ஒன்றோடொன்று தொட்டு, சுடர் ஏறி வர ஒரு பாலம் ஆகிவிடும். தனித்தனிக் குமிழியாகப் பிரிந்தால்தான் தண்ணீர் தடுப்பு. குறைந்தபட்ச மட்டத்துக்கு வெளியே சிவப்புக் கோடு போட்டு, ஒவ்வொரு முறையும் ஸ்விட்ச் போடும் முன் பாருங்கள்.

---

வேகம்100 எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இதே செல்லைக் காரில் மாட்டினால் மைலேஜ் கூடுமா? நிமிடத்துக்கு 1.1 லிட்டர் என்றால் கணிசமாக இருக்கிறதே.

---

ஓம்விதி எழுதியது:

நிமிடத்துக்கு 1.1 லிட்டர் கலவையில் ஹைட்ரஜன் 0.74 லிட்டர். அதை எரித்தால் கிடைப்பது 120 வாட் வெப்பம். அதைச் செய்ய செல் குடிப்பது 200 வாட் மின்சாரம். அந்த 200 வாட்டை ஆல்டர்னேட்டர் எஞ்சினிடமிருந்து எடுக்கும்போது பெல்ட்டிலும் சுருளிலும் போவது போக 330 வாட்டுக்கு மேல் கேட்கும். கிடைத்த 120 வாட் வெப்பத்தில் எஞ்சின் சக்கரத்துக்குக் கொடுப்பது 30, 35 வாட். பத்து ரூபாய் கொடுத்து ஒரு ரூபாய் வாங்குகிற கணக்கு. வண்டியின் அடைத்த பானெட்டுக்குள் காரமும் வெடிவாயுவும் வேறு. வேண்டாம் தம்பி. மேசைமேல் ஊசிச்சுடருக்குத்தான் இந்தச் செல் பொருத்தம்.

---

பட்டறைக்கை எழுதியது:

சுடர் ஏற்றும் கட்டத்துக்கு வரும்போது ஊசி அளவு முக்கியம். ஊசிக்குள் வாயு வெளியேறும் வேகம் சுடரின் வேகமான நொடிக்கு 10 மீட்டரைப் போலப் பல மடங்கு இருக்க வேண்டும். 20 கேஜ் ஊசியின் உள்விட்டம் 0.6 மி.மீ. நிமிடத்துக்கு 1.1 லிட்டர் அதில் நொடிக்கு 65 மீட்டர் வேகத்தில் வரும். 18 கேஜில் 33 மீட்டர்தான். அதையே 5 ஆம்பியரில் ஓட்டினால் 10 மீட்டராக இறங்கி, சுடர் உள்ளே ஏறிவிடும். ஆகவே 20 கேஜ், கரண்டை 12 ஆம்பியருக்குக் கீழே இறக்காதீர்கள். உலோகத் தலையுள்ள ஊசி வாங்கி, சாய்ந்த முனையைக் கல்லில் தேய்த்துச் சமமாக்குங்கள். இந்த ஊசியால் உள்ளே அரை மீட்டர் நீர்மட்டம் அளவு அழுத்தம் ஏறும். 1 மீட்டரில் சோதிக்கச் சொன்னது அதற்காகத்தான். கார்க் அந்த அழுத்தத்தில் நிற்கிறதா என்றும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்விட்ச் போட்டதும் பற்றவைக்காதீர்கள். டேங்கிலும் பப்ளரிலும் இருக்கும் காற்று வெளியேற மூன்று நான்கு நிமிடம் விடுங்கள், ஊசிமுனையைச் சோப்புத் தண்ணீரில் வைத்தால் குமிழி ஒரே சீராக வருவது தெரியும். முனையைத் துடைத்துவிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு பற்றவையுங்கள். பகல் வெளிச்சத்தில் இந்தச் சுடர் கண்ணுக்கே தெரியாது, கை வைத்துப் பார்க்காதீர்கள்.

அணைக்கும் முறையில்தான் பலருக்கு வெடிக்கிறது. சப்ளையை முதலில் நிறுத்தினால் ஓட்டம் மெல்லக் குறைந்து, கடைசி நொடியில் சுடர் ஊசிக்குள் நுழையும். எப்போதும் செல் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஊசிமுனையைத் தண்ணீர்க் கிண்ணத்தில் முக்கி அணைத்துவிட்டு, அதன்பிறகு ஸ்விட்சை நிறுத்துங்கள். பிறகு ஊசியைத் தண்ணீரிலிருந்து எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் கிண்ணத் தண்ணீரும் உள்ளே ஏறும்.

பொட்டாஷ் கரைக்கும்போது தண்ணீரில் செதிலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், செதில்மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். வினிகர் தரையில் சிந்தியதைத் துடைக்க மட்டும், கண்ணுக்கு ஒருபோதும் வேண்டாம்.

---

புதுத்தகடு எழுதியது:

தகடு திருப்பி, டேங்கை 25 செ.மீ. ஏற்றி, 12 மி.மீ. ஹோஸ் மாற்றி ஓட்டினேன். 16 ஆம்பியரில் 1,080 மி.லி. ஒரு மணி நேரத்தில் செல் 47, டேங்க் 44. பப்ளருக்கு நுரை போகவில்லை. 12 இடைவெளியில் பதினொன்று 2.05க்கும் 2.12க்கும் நடுவில், 9ஆவது மட்டும் 1.92. பழைய கரைசலை வடித்தபோது லேசான மஞ்சள் நிறம், அடியில் பழுப்பு வண்டல். அதை என்ன செய்வது?

---

காரநீர் எழுதியது:

1,080 நல்ல எண். 9ஆவது இடைவெளி 1.9க்கு மேல் இருப்பதால் இப்போதைக்கு விடலாம். அடுத்தமுறை கழற்றும்போது அந்தக் கேஸ்கட்டின் தடிமனை மட்டும் அளந்து பாருங்கள், கொஞ்சம் அமுங்கியிருக்கும்.

பழுப்பு வண்டல் தகட்டிலிருந்து வந்த இரும்பு. மஞ்சள்தான் கவலை. 65 டிகிரியில் அதிகக் கரண்டில் ஓடியபோது பிளஸ் பக்கம் ஸ்டீலில் இருக்கும் குரோமியம் கரைந்திருக்கிறது. மஞ்சள் நிறம் ஆறு இணைதிறன் குரோமியத்துக்குரியது, புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. சாக்கடையில், செடியில், மண்ணில் ஊற்றாதீர்கள். ஹெச்.டி.பி.ஈ. கேனில் ஊற்றி மூடி, "குரோமியம் கலந்த காரம்" என்று எழுதி ஒட்டி, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு வைத்திருக்கும் எலக்ட்ரோபிளேட்டிங் பட்டறையிலோ கல்லூரி வேதியியல் ஆய்வகத்திலோ கேட்டு ஒப்படையுங்கள். முதல் பப்ளர் தண்ணீரையும் அதே கேனில் சேருங்கள், நுரையோடு போனது அங்கேயும் இருக்கும். தகட்டைப் பேட்டரி வாட்டரில் இரண்டுமுறை அலசிவிட்டுப் புதுக் கரைசல் ஊற்றுங்கள். 50 டிகிரி தாண்டாமல் ஓட்டினால் அது நிறம் மாறாமல் நிற்கும். ஒரு மணி நேரத்துக்கு 30 மி.லி. அளவுதான் தண்ணீர் குறையும், அதற்குப் பேட்டரி வாட்டர் மட்டும் சேருங்கள். பொட்டாஷ் செலவாவதில்லை.